முதலாளியின் மூன்று குட்டிகள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இருந்த அந்த மிளகாய் குடோனுக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் எறணாகுளத்தில் இருந்தார். மாதம் ஒருமுறை காரில் வந்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கால்மணி நேரம் நின்றுவிட்டு, தும்மிக்கொண்டே திரும்பிப் போவார். இன்னொரு முதலாளி அங்கேயே குடியிருந்தது. சாம்பல் நிறம், வாலில் பாதி கிடையாது. தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் மெத்தை வைத்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் யார் கத்தினாலும் இறங்காது. அதனால்தான் காம்பு கிள்ளும் பெண்கள் அந்தப் பூனைக்கு முதலாளி என்று பேர் வைத்தார்கள். எலி பிடிப்பதில் குறை வைக்காது. ஆனால் ஒருத்தியையும் தொடவிடாது. கை நீட்டினால் எழுந்து போய்விடும். அவ்வளவு திமிர் என்று எல்லோரும் சொன்னார்கள்.

குடோனில் எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். குவித்துப் போட்ட வற்றல் மிளகாயைச் சுற்றி உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை காம்பு கிள்ளுவதுதான் வேலை. புதிதாக வருகிறவள் முதல் வாரம் கண்ணீரும் மூக்குமாக அலைவாள், கை தீப்பிடித்ததுபோல் எரிகிறது என்று ராத்திரியெல்லாம் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பாள். மூன்று மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும். அதற்குப் பிறகு மிளகாய் என்று ஒன்று இருப்பதே கைக்குத் தெரியாது. ரஹீனாவுக்கு இது பதிமூன்றாவது வருஷம். புருஷன் மௌத்தான பிறகு வேலைக்கு வந்தவள். அப்போது மகள் ஷமீனாவுக்குப் பத்து வயது. இப்போது அவள் எறணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

அந்த மாதம் வெளிநாட்டுக்குப் போகிற சரக்கைப் பார்க்க ஆள் வருவதாகச் சேதி வந்தது. அந்த ஆள் சாதாரண ஆள் இல்லை, பூதக்கண்ணாடி கொண்டு வருகிறவன். சரக்கில் ஒரு பூனை முடி கிடந்தால் போதும், மொத்த லோடும் திரும்பிவிடும். சூப்பர்வைசர் சஜ்ஜாத் காலையிலேயே வந்து ரஹீனாவிடம் சொன்னான்.

"இத்தா, முதலாளிய கொஞ்ச நாளைக்கு வெளிய தள்ளுங்க. அந்த ஆளு வந்து போன பின்னே வந்து இருந்துக்கட்டும்."

மற்றவர்களுக்கெல்லாம் இதில் மனசு வரவில்லை. ரஹீனாதான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதுதான் அவள் சுபாவம். பின்கட்டில் புதுச் சாக்குகள் அடுக்கி வைக்கிற அறையில் முதலாளி இருந்தது. வழக்கமாக விளக்குமாற்றைக் கண்டதும் நழுவிவிடும். அன்று நழுவவில்லை. காதை மடக்கிக்கொண்டு அடுக்கின் முன்னால் அசையாமல் நின்றது. ரஹீனா தரையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். நாலாவது அடியில்தான் அது பாய்ந்து வெளியே ஓடியது. ஏன் இத்தனை நேரம் நின்றது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம், சாக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கலாம். அவள் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து மிளகாய் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

ஜன்னல் வழியாக முதலாளி ராத்திரி திரும்பி வந்திருக்க வேண்டும். மறுநாள் பதினொரு மணிக்கு எதிரில் இருக்கும் சாயாக் கடையில் ரஹீனாவும் வசந்தியும் நின்றிருந்தபோது அது குடோனிலிருந்து இறங்கி வந்தது. வாயில் எதையோ கவ்விக்கொண்டிருந்தது. எலி என்று நினைத்தார்கள். ரோட்டைக் கடந்து, பூட்டிக்கிடக்கும் பழைய பண்டகசாலையின் படிக்கட்டுக்குக் கீழே நுழைந்தபோதுதான் வசந்தி கவனித்தாள்.

"அய்யோ ரஹீனாக்கா, அது குட்டி! நம்ம முதலாளி பிரசவிச்சிருக்கு!"

சொல்லிச் சிரித்து முடிப்பதற்குள் முதலாளி மறுபடியும் வெளியே வந்தது. மிச்சக் குட்டிகளை எடுக்க வேண்டும், அவசரம். இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகப் போன ஒரு பிக்கப் வண்டி அதன் மேல் ஏறிப் போனது. டிரைவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. வண்டி நிற்கவில்லை.

ரஹீனா கையில் சாயா கிளாஸோடு அப்படியே நின்றாள். பிறகு ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தானடி துரத்துனேன்," என்றாள். "அது பாட்டுக்கு இருந்துச்சு. நான்தான்."

"அக்கா சும்மா இருங்க. சொன்னது சஜ்ஜாத் இக்காதானே."

"அவன் சொன்னான். அடிச்சது நானு."

வசந்தி படிக்கட்டுக்குக் கீழே கையை விட்டுக் குட்டியை எடுத்து வந்தாள். சாக்கு அடுக்குக்குப் பின்னால் இன்னும் இரண்டு கிடந்தன. மூன்றுக்கும் கண் திறக்கவில்லை. தொப்புளில் காய்ந்த நூல்போல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்து மூன்று நாள் இருக்கலாம். ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற உயிர்கள், அம்மா எங்கே என்று தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு கத்தின. மூன்றில் ஒன்றையாவது வளர்த்து ஆளாக்கிவிட வேண்டும் என்று ரஹீனா அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். வேண்டுதல் மாதிரிகூட இல்லை. செய்துவிட்ட ஒரு காரியத்துக்கு வேறு என்ன பதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று முதல் குடோனே ஆஸ்பத்திரியாகிவிட்டது. சரக்குப் பக்கம் மட்டும் கொண்டுவராதீர்கள் என்று சொல்லி, பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை சஜ்ஜாதே கொண்டுவந்து கொடுத்தான். அடியில் விரிக்க, பழைய சாக்கு ஒன்றை உதறு உதறு என்று உதறி, வெயிலில் போட்டு, மெத்தென்று இருக்கும்படி மடித்து வைத்தாள் ரஹீனா. ஷமீனா போனில் பார்த்துச் சொன்னாள்: பசும்பால் ஆகாதாம், அதற்கென்று பால்பொடி இருக்கிறதாம். கலூரில் போய் வாங்கியும் வந்தாள். ஆனால் பூனை என்றாலே அவளுக்கு அருவருப்பு. பொடி டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, "இதுக்கு மேல என்னை விளிக்காதே உம்மா," என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால். முதலில் சுண்டுவிரலைப் பாலில் நனைத்து வாயில் வைத்துச் சப்பப் பழக்கினாள். பிறகு ஊசி கழற்றிய சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. குடித்ததும் ஈரப் பஞ்சால் வயிற்றுக்குக் கீழே தடவிவிட வேண்டும், அப்போதுதான் மூத்திரம் போகும். தாய் நக்கிவிடுகிற வேலை அது. ரஹீனா கை ஓயும்போது வசந்தி, வசந்திக்குப் பிறகு இன்னொருத்தி. எட்டுப் பேரும் முறை போட்டுக்கொண்டு தாயானார்கள். பால் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் குட்டிகள் தேறவில்லை. விரல் வாயில் பட்டதும் முதல் நாள் ஆசையாகச் சப்பியவை, இரண்டாம் நாள் தலையைத் திருப்பிக்கொண்டன. பஞ்சால் துடைக்கும்போது போட்ட கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டது. அந்தச் சிறிய உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் எப்படித்தான் வந்ததோ. தடவிக் கொடுத்தால் இன்னும் கத்தின. மார்போடு அணைத்தால் இன்னும் கத்தின.

"அம்மாவத் தேடிக் கரையுதுக்கா," என்றாள் வசந்தி. "பாவம்."

இன்னொருத்தி பால் சூடு போதாது என்றாள். பால்பொடி சரியில்லை என்றாள் மூன்றாமவள். கண் பட்டிருக்கும் என்று ஓதி ஊதினாள் ஒருத்தி. எட்டுப் பேரிடமும் எட்டு வைத்தியம் இருந்தது. ஆகவே இன்னும் அதிகமாகத் தொட்டார்கள், இன்னும் அதிகமாகத் துடைத்தார்கள், இன்னும் அதிகமாக மடியில் வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ரஹீனா பெட்டியைச் சுள்ளிக்கல்லில் இருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போய், விடிந்ததும் திரும்பக் கொண்டு வந்தாள். அவளுக்கு உறக்கம் என்பதே இல்லாமல் போயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாவற்றிலும் சின்னது அவள் உள்ளங்கையிலேயே அடங்கிப்போனது. அவள் அதை விடாமல் தடவிக்கொண்டே இருந்தாள், சூடு வரும் என்று. வசந்திதான் கையிலிருந்து பிடுங்கி வாங்கினாள்.

மறுநாள் காலை ஷமீனாவே சொன்னாள், டாக்டரிடம் காட்டு என்று. தேவராவில் மிருகங்களுக்கான ஒரு சின்னக் கிளினிக் இருந்தது. ரஹீனா சஜ்ஜாதிடம் போனில் லீவு சொல்லிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாலத்தைக் கடக்கும்போது பெட்டிக்குள் ஒரு குரல்தான் கேட்டது. மற்றது உறங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் ஸ்நேஹாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பெட்டியைத் திறந்து பார்த்தாள். அசையாமல் கிடந்ததை மெதுவாக எடுத்து, ஒரு துணியில் வைத்து, ஓரமாக நகர்த்தினாள். மிச்சமிருந்த ஒன்றை எடுத்து வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றைத் திருப்பிப் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

அடுத்த நிமிஷம் "அம்மே!" என்று கத்திக்கொண்டு குழாயைப் பார்த்து ஓடினாள்.

ரஹீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரின் கண்ணில் ஏதோ பூச்சி விழுந்திருக்கிறது என்று நினைத்தாள். வெகுநேரம் தண்ணீர் அடித்து, ஒரு கண் ரத்தமாகச் சிவந்து திரும்பி வந்த டாக்டர், குட்டியைப் பார்த்தாள், பெட்டியில் விரித்திருந்த சாக்கைப் பார்த்தாள், பிறகு ரஹீனாவைப் பார்த்தாள்.

"இத்தா, எந்தா ஜோலி?"

"மொளகாய் குடோன்ல. காம்பு கிள்ளறது."

டாக்டர் அவள் கையை வாங்கித் திருப்பி, மூக்கருகே கொண்டுபோய், சட்டென்று முகத்தை விலக்கிக்கொண்டாள். பிறகு குட்டியின் வாயை மறுபடியும் திறந்து காட்டினாள். ஈறும் நாக்கும் வெந்து சிவந்திருந்தன. அடிவயிற்றில் தோல் உரிந்திருந்தது. பஞ்சு வைத்துத் துடைத்த அதே இடம்.

"நான் கை கழுவுவேன் டாக்டரே," என்றாள் ரஹீனா. "ஒவ்வொரு தடவையும். சோப்பு போட்டுத்தான்."

"சோப்புல போகாது இத்தா." டாக்டர் தமிழுக்கு மாறினாள். திட்டியிருந்தால் ரஹீனாவுக்கு நன்றாக இருந்திருக்கும். டாக்டர் திட்டவில்லை. "மொளகாய்க் காரம் எண்ணெ மாதிரி தோலுக்குள்ள பிடிச்சிருக்கும். உங்களுக்குத் தெரியாது. உங்க கை பழகிப்போச்சு."

ரஹீனா தன் கைகளைப் பார்த்தாள். சுண்டுவிரலை எத்தனை முறை அந்த வாயில் வைத்தாள் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் பயந்து நிறுத்தினாள். கூச்சல் போட்டதெல்லாம் தாயைத் தேடி அல்ல. அவள் தொட்டதற்கு. அவளும் வசந்தியும் மற்ற ஆறு பேரும் பாவம் பாவம் என்று சொல்லிக்கொண்டே மூன்று நாளாகத் தீ வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அத்தனை பேர் இருந்தும் ஒருத்திக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், அங்கே எரிகிற கை ஒன்றுகூடக் கிடையாதே. முதலாளிக்குத் தெரிந்திருந்தது. கிட்டே வராததும் தொடவிடாததும் திமிரால் அல்ல. குடோனிலேயே மிளகாய்த் தூசி விழாத ஒரே அறையாகப் பார்த்துத்தான் அது பெற்றிருக்கிறது. அங்கேயிருந்துதான் அவள் துரத்தினாள்.

டாக்டர் எண்ணெய் போட்டுக் குட்டியைத் துடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, வாயில் மருந்து தடவி, வேறொரு பெட்டியில் சுத்தமான டவலில் வைத்துக் கொடுத்தாள். பழைய பெட்டியையும் சாக்கையும் அங்கேயே எறிந்தார்கள்.

"இனி நீங்க தொட வேண்டாம். கையுறை போட்டாலும் வேண்டாம், உங்க துணியில எல்லாம் அது இருக்கும். வீட்ல வேற ஆள் உண்டோ?"

"மகள் உண்டு."

"மகள் பார்க்கட்டும். பிழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நோக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் உள்ளே சத்தம் நின்றது. கையை விட்டுப் பார்க்க முடியாது. ஐந்து நிமிஷம் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. பக்கத்தில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்ணின் தோளைத் தட்டக்கூடக் கை நீளவில்லை, முழங்கையால் இடித்தாள்.

"மோளே, இதுக்குள்ள ஒன்னு தொட்டு நோக்குமோ? ஜீவன் உண்டான்னு மட்டும் சொல்லு. எனக்குத் தொடக்கூடாது."

அந்தப் பெண் முதலில் பயந்தாள். பிறகு ஒரு விரலை உள்ளே விட்டாள்.

"சூடுண்டு ஆன்ட்டி. ஸ்வாசம் உண்டு."

ரஹீனா அந்தப் பெண் இறங்குகிற ஸ்டாப் வரைக்கும் இன்னும் இரண்டு முறை அதையே கேட்டாள்.

மறுநாள் குடோனில் விஷயத்தைச் சொன்னாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் வசந்தி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்தச் சின்னதுக்கு நான்தான் அதிகமா ஊட்டுனேன்," என்று மட்டும் சொன்னாள். பிறகு எட்டுப் பேரும் குனிந்து காம்பு கிள்ளினார்கள். வேறென்ன செய்வது, அன்றைய லோடு அன்றைக்கே முடிய வேண்டும்.

ஷமீனா முதல் நாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, இரண்டு விரலால் குட்டியைத் தூக்கினாள். அவள் கையில் அது கத்தவில்லை. மருந்து தடவிய வாயால் பாலை நக்கிப் பார்த்தது, மூன்று சொட்டு இறங்கியது. அதைப் பார்த்த ஷமீனாவின் முகம் மாறியதை ரஹீனா வாசல்படியில் நின்று கவனித்தாள். மறுநாளிலிருந்து ஷமீனா பெட்டியைத் துணிக்கடைக்கே எடுத்துப் போனாள். கவுண்டருக்குக் கீழே வைத்துக்கொள்ளக் கடைக்காரர் சம்மதித்தாராம். பகலில் ரஹீனாவுக்குச் சேதி மட்டும் போனில் வரும். குடிச்சுது. உறங்குது. ஒன்னுக்குப் போச்சு.

அவளுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. தூக்க முடியாது, துடைக்க முடியாது, பால் கலக்கக்கூட முடியாது. ஆகவே கையோடு சண்டை போட்டாள். தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவைத்தாள். கடலைமாவு, தயிர், புளி, எலுமிச்சம்பழம், ஆளாளுக்குச் சொன்ன எல்லாவற்றையும் தேய்த்தாள். நகக்கண்ணில் ரத்தம் வரும்வரை தேங்காய் நாரால் உரசினாள். எரிகிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது என்பதுதான் இதில் பெரிய கொடுமை. தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு சுண்டுவிரலை மகளிடம் நீட்டுவாள். ஷமீனா அதன் நுனியை நாக்கால் தொட்டுப் பார்ப்பாள்.

"எரியுதா?"

"எரியுது உம்மா."

"நேத்தைக்கு விட?"

ஷமீனா தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை குடோனுக்கு லீவு. ரஹீனா காலையிலேயே தலைக்குக் குளித்து, எண்ணெய் தேய்த்து, மறுபடியும் குளித்து, டிரங்குப் பெட்டியில் பூட்டியிருந்த பெருநாள் துணியை எடுத்து உடுத்திக்கொண்டாள். வேலைக்குப் போகாத நாள், உடம்பில் புதுத்துணி, கையில் இரண்டு ரப்பர் உறை. ஷமீனா கடைக்குக் கிளம்புமுன் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாய்ப்புண் ஆறியிருந்தது. வயிறு உருண்டையாக இருந்தது. சிரிஞ்சைப் பிடித்து இழுத்து இழுத்துக் குடித்தது. கண் மட்டும் இன்னும் திறக்கவில்லை, இன்றோ நாளையோ என்று இருந்தது.

தொடமாட்டேன், பார்க்க மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு ரஹீனா அருகில் வந்து குனிந்தாள். அவள் உயிரையே வைத்திருந்தது அந்தக் கைப்பிடி அளவு உடம்பில்தான். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

குட்டி குடிப்பதை நிறுத்தியது. மூக்கை ஒருமுறை உயர்த்தியது. கண் தெரியாத அந்தத் தலை நேராக அவள் பக்கம் திரும்பி, காது இரண்டும் பின்னால் மடங்கி, பல் முளைக்காத வாயைத் திறந்து அவளைப் பார்த்துச் சீறியது. பிறகு உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஷமீனாவின் மடிக்குள் பின்வாங்கியது. பால் வயிற்றில் வழிந்தது.

ரஹீனா ஓரடி பின்னால் வைத்தாள். குட்டி மறுபடியும் சீறியது. அவள் அடுக்களையைத் தாண்டி, கதவைத் தாண்டி, முற்றத்துக் குழாய் வரைக்கும் போனாள். அங்கேயிருந்து மகளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"குடிக்குதா மோளே?"

"குடிக்குது உம்மா," என்றாள் ஷமீனா, திரும்பாமல். "நீ அங்கேயே நில்லு."

ரஹீனா அங்கேயே நின்றாள்.